நம்மகிட்ட என்னங்க இருக்கு, திருடறதுக்கு?

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். லேப், ஸ்கேன் சென்டர், கிளினிக், மெடிக்கல் ஷாப், மில்லு, ஃபைனான்ஸ்னு எந்தத் தொழில் பண்றவங்களா இருந்தாலும் தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. அங்கெல்லாம் போன் நம்பரும் ஆதார் ஜெராக்ஸும் குடுத்துட்டு வந்தவங்களும் படிங்க. அதாவது நாம எல்லாரும்.

2/
நான் வெள்ளகோவில்காரன். ஒரு அரசு மருத்துவமனையில டாக்டர். வெறும் எம்.பி.பி.எஸ். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. கம்ப்யூட்டரைப் பத்தி எழுதற நிலைமை வரும்னு நினைச்சதும் இல்ல. எழுத வெச்சது ஓபியில நடந்த ஒரு சம்பவம்.

3/
தறி ஓட்டற தம்பி ஒருத்தர் சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் காட்ட வந்தார். தனியார் லேப்ல எடுத்தது. பேப்பர் குடுக்கல, எஸ்எம்எஸ்ல ஒரு லிங்க் அனுப்பியிருக்காங்க. மெசேஜ் வந்தது பழைய பட்டன் போன். அதைப் பார்த்து தம்பி பையனோட போன்ல கையால டைப் பண்ணியிருக்கார். "சார், வேற ஆரோ பொம்பளையாளு ரிப்போர்ட் வருதுங்க"ன்னு நீட்டினார்.

4/
வாங்கிப் பார்த்தேன். கடைசி நம்பர் ஒண்ணு தப்பா அடிச்சிருக்கார், அவ்வளவுதான். அந்த நம்பரை ஒண்ணு கூட்டினா அடுத்த நோயாளி. இன்னொண்ணு கூட்டினா அதுக்கடுத்த நோயாளி. பாஸ்வேர்டு இல்ல, ஓடிபி இல்ல. பேரு, வயசு, போன் நம்பர், டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் வரிசையா வருது. ரெண்டு தடவை மாத்திப் பார்த்தேன். ரெண்டாவதா வந்த பேரைப் பார்த்ததும் மூடிட்டேன்.

5/
அந்தப் பேரு எனக்குத் தெரிஞ்ச பேரு. என்கிட்ட டிபிக்கு மாத்திரை வாங்கிட்டு இருந்த பொண்ணு (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). ஆறு மாச வைத்தியத்துல மூணு மாசம் ஒழுங்கா முடிச்சிருந்தா. வீட்ல மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடியற நிலைமை. திடீர்னு நின்னு போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு விசயம் போயிருச்சு.

6/
அதுக்கப்புறம் ஒரு நாள் வந்து என் முன்னாடி உக்காந்து கேட்டா: "சார், நீங்க ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

இல்லம்மான்னு சொன்னேன். நம்பலை. அடுத்த மாசம் மாத்திரைக்கு வரல. எங்க ஸ்டாஃப் தேடிப் போனப்பதான் தெரிஞ்சுது, முப்பது நாப்பது கிலோமீட்டர் தள்ளி வேற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரை வாங்கறான்னு. அவளாவது வாங்கினா. நிறைய பேர் இந்த இடத்துல மாத்திரையையே நிறுத்திடுவாங்க. பாதியில நிறுத்தின டிபி மருந்துக்கு மசியாத டிபியா மாறலாம். அது வீட்ல இருக்கற குழந்தைக்கும் ஒட்டும்.

7/
அந்த லிங்க் வழியாத்தான் விசயம் போச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. யாரோ வாயால சொல்லியிருக்கலாம். ஆனா ஒரு கதவு தெருவைப் பார்த்துத் திறந்தே கிடந்துச்சுங்கறது மட்டும் உறுதி.

8/
லேப் ஓனருக்கு போன் பண்ணினேன். கெட்ட மனுசன் இல்ல. ஏழைன்னா பாதிக் காசு வாங்கற ஆளு. விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டே சொன்னது இது:

"ஏனுங் டாக்டர், நம்மகிட்ட என்னங்க இருக்கு, திருடறதுக்கு? நாம என்ன பேங்க்கா நடத்தறோம்?"

அஞ்சு தடவை போன் பண்ணி, "சாஃப்ட்வேர்காரரு ஊர்ல இல்லீங்க" எல்லாம் கேட்டு, 19 நாள் கழிச்சு சரி பண்ணினாங்க. இந்த த்ரெட் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

9/
நம்ம பக்கம் எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்றேன். அடகு கடையில 10 பவுன் வெச்சிருக்கீங்க. கடைக்காரர் அதை இரும்பு பீரோவுக்குள்ள வெக்கறாரு, பூட்டறாரு, கேமரா மாட்டறாரு. ஏன்? அது அவரோட நகை இல்ல. அடுத்தவங்க நகை. தன்னோடது தொலைஞ்சா நட்டம். அடுத்தவங்களோடது தொலைஞ்சா மானம் போகும்.

உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற கஸ்டமர் விவரம் எல்லாமே அடகு நகை. அது உங்க சொத்து இல்ல. "என்கிட்ட என்ன இருக்கு"ன்னு கேக்கறீங்களே, உங்ககிட்ட இருக்கறது எங்களோடது.

10/
ஒரு வித்தியாசம் இருக்கு. நகை தொலைஞ்சா அதே எடைக்குத் திருப்பிக் குடுத்துடலாம். ஏடிஎம் கார்டு நம்பர் திருடு போனா பேங்க் புது கார்டு குடுக்கும். டிபி, எச்ஐவி, கருக்கலைப்பு, மனநல மாத்திரை, குழந்தையின்மை டெஸ்ட்... இதெல்லாம் வெளிய போனா? புது உடம்பு யார் குடுப்பா? திருப்பி வாங்க முடியாத பொருளைத்தான் நாம ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்ட லிங்க்ல வெச்சிருக்கோம்.

11/
"நம்ம ஊர்ல எவன் வந்து திருடப் போறான்?" 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டு தனியார் மருத்துவமனை ஒண்ணோட சுமார் 1.5 லட்சம் நோயாளிகள் விவரம் விற்பனைக்கு வந்துச்சு. டெலிகிராம்லயும், திருட்டு டேட்டா விக்கற தளங்கள்லயும். கண்டுபிடிச்சுச் சொன்னது கிளவுட்செக்ங்கற பாதுகாப்பு நிறுவனம். நோயாளி பேரு, பிறந்த தேதி, முகவரி, காப்பாளர் பேரு, பார்த்த டாக்டர் விவரம் எல்லாம் அதுல.

விலை? ஒரு காப்பி 100 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளுக்கு ஆறு காசு கூட வரல.

12/
அந்த டேட்டா எந்த வருசத்தோடது தெரியுமா? 2007லிருந்து 2011 வரைக்கும். பத்து வருசத்துக்கு மேல பழசு. உள்ள புகுந்த வழியும் ஆஸ்பத்திரி வாசல் இல்ல, அவங்களுக்கு ஐடி வேலை பார்த்த வெளி நிறுவனம்னுதான் சொன்னாங்க.

ரெண்டு பாடம். ஒண்ணு, அழிக்காம வெச்சிருக்கற பழைய டேட்டா என்னைக்காச்சும் ஒரு நாள் எவனுக்காச்சும் சரக்கு. ரெண்டு, "அதெல்லாம் சாஃப்ட்வேர்காரரு பாத்துக்குவாருங்க"ங்கறது பதில் இல்ல. அவரு எப்படிப் பாத்துக்கறாருன்னு நீங்க கேட்டிருக்கீங்களா?

13/
இன்னும் பெருசு வேணுமா? 2024 செப்டம்பர். சென்னையைத் தலைமையிடமா வெச்சிருக்கற ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ். அவங்க வாடிக்கையாளர்களோட பாலிசி, கிளெய்ம் பேப்பர், ஐடி காப்பி, டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் டெலிகிராம் பாட் வழியா யார் வேணா எடுக்கற மாதிரி கிடந்ததை ராய்ட்டர்ஸ் வெளிய கொண்டுவந்துச்சு. திருடினவன் சொன்ன கணக்கு 3.1 கோடி பேர். கம்பெனிகிட்ட 68,000 டாலர் கேட்டு மிரட்டினான். விசயம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

உங்க வீட்ல யாருக்காச்சும் இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணியிருந்தா யோசிச்சுப் பாருங்க, என்னென்ன பேப்பர் குடுத்தீங்கன்னு.

14/
சில பேர் சொல்லுவாங்க, "அதெல்லாம் பெரிய கம்பெனிங்க. நம்மள எவன் குறிவெச்சு அடிக்கப் போறான்?"

கொசு, வீட்டுக்காரர் பேரு விசாரிச்சுட்டா கடிக்குது? தண்ணி தேங்கியிருந்தா வரும், கடிக்கும். கம்ப்யூட்டர்ல வர்ற புழுவும் அப்படித்தான். 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரைன்னு ஒரு புழு உலகம் முழுக்கப் பரவுச்சு. யாரையும் குறிவெக்கல. பழைய ஓட்டை அடைக்காத விண்டோஸ் எங்க இருந்துச்சோ அங்கெல்லாம் பூந்துச்சு. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள்ல சுமார் 19,000 அப்பாயிண்ட்மென்ட் ரத்தாச்சு. நம்ம பக்கத்துல திருப்பதி தேவஸ்தான ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சிலதும் மாட்டுச்சு.

15/
இதுல ஒரு டாக்டரா எனக்கு வயிறு எரியற விசயம்: அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாசமே குடுத்துருச்சு. ரெண்டு மாசம் முன்னாடி தடுப்பூசி கையில இருக்கு. போட்டுக்கலை. நோய் வந்துச்சு.

நம்ம கடைகள்ல "அப்டேட் வருதுங்க, ஸ்லோ ஆகுதுங்க"ன்னு நிறுத்தி வெச்ச கம்ப்யூட்டர் எத்தனை? திருட்டு விண்டோஸ், கிராக் பண்ண டேலி எத்தனை? கிராக் பண்ணிக் குடுத்தவன் உள்ள வேற என்ன வெச்சுக் குடுத்தான்னு பார்த்தீங்களா?

16/
"கவர்மென்ட்டே கோட்டை விடுது, எங்களைச் சொல்ல வந்துட்டீங்க." நியாயமான கேள்வி. ஒளிக்க மாட்டேன்.

2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்ல சுமார் 1.3 டெராபைட் டேட்டாவைத் திறக்க முடியாதபடி பூட்டிட்டாங்க. நாட்டோட பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல ஒண்ணு ரெண்டு வாரம் வரைக்கும் பேப்பர் பேனாவுல ஓடுச்சு. நெட்வொர்க்கைச் சரியா பிரிச்சு வெக்காததுதான் காரணம்னு பார்லிமென்ட்லயே பதில் சொன்னாங்க. அம்மை வந்தவரையும் ஆபரேஷன் முடிஞ்சவரையும் ஒரே வார்டுல படுக்க வெச்ச மாதிரி.

கடைசில காப்பாத்தினது எது? பாதிக்கப்படாத வேற சர்வர்ல இருந்த பேக்கப்.

17/
என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல மானிட்டர் மேலயே பாஸ்வேர்டை எழுதி பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தோம். ஒரே பாஸ்வேர்டுல பத்து பேர் உள்ள போவோம். எக்ஸ்ரேல பேஷண்ட் பேரு தெரியற மாதிரியே போட்டோ எடுத்து, சீனியர்கிட்ட சந்தேகம் கேக்கறதுக்கு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கேன். அந்தக் குரூப்ல 80 பேர். பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியாது.

நல்ல எண்ணத்துல பண்ணினதுதான். ஆனா நல்ல எண்ணம் இருந்தா கை கழுவாம ஆபரேஷன் பண்ணலாமா?

18/
ஆபரேஷன் தியேட்டர்ல "நான் சுத்தமான ஆளுதான், என் கையில என்ன கிருமி"ன்னு எந்த டாக்டரும் சொல்ல முடியாது. நல்லவரோ கெட்டவரோ, எல்லாரும் கை கழுவணும். ஒரு ஊசி ஒருத்தருக்குத்தான். ஒரே பாஸ்வேர்டைப் பத்து பேர் பயன்படுத்தறது ஒரே ஊசியைப் பத்து பேருக்குப் போடற மாதிரி. யாரால தொத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. டேட்டா பாதுகாப்புங்கறது பெரிய ஐடி வித்தை இல்ல. பெரும்பகுதி கை கழுவற சமாச்சாரம்தான்.

19/
"சட்டம் இருக்கே?" இருக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. விதிகள் வந்தது 2025 நவம்பர். தொழில் நடத்தறவங்களோட முக்கியக் கடமைகள் அமலுக்கு வர்றது அதுக்கு 18 மாசம் கழிச்சு, 2027 மே. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாம டேட்டாவை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும். டேட்டா போனதை மறைச்சா 200 கோடி வரைக்கும். பாதிக்கப்பட்டவங்களுக்கும், அதுக்குன்னு இருக்கற வாரியத்துக்கும் சொல்லியே ஆகணும். சின்ன லேப், பெரிய ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இது பொருந்தும்.

20/
ஆனா இந்தச் சட்டத்து மேல எனக்கு ஒரு கோபம் இருக்கு. அந்த அபராதம் போறது அரசு கஜானாவுக்கு. கல்யாணம் நின்னு போன பொண்ணுக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஐடி சட்டத்துல 43ஏன்னு ஒரு பிரிவு, கவனக்குறைவா டேட்டாவை விட்ட கம்பெனிகிட்ட நஷ்ட ஈடு கேக்க வழி வெச்சிருந்துச்சு. புதுச் சட்டம் முழுசா அமலாகும்போது அதையும் எடுத்துடறாங்க. அடகு கடையில நகை போச்சு, அபராதம் கட்டியாச்சு, நகைக்காரி வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும். இது என்ன நியாயம்?

அதனாலதான் சொல்றேன், போனதுக்கு அப்புறம் சட்டம் வந்து நம்மளைக் காப்பாத்தாது. போகாம பாத்துக்கறது மட்டும்தான் வழி.

21/
"இதுக்கெல்லாம் செலவு பண்ண முடியாதுங்க, சின்னக் கடை." சரி. காசு இல்லாம, இல்ல ரொம்பக் கொஞ்சக் காசுல செய்யறது மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: ஆளுக்கு ஒரு லாகின். வேலையை விட்டுப் போனவங்க லாகினை அன்னைக்கே மூடுங்க.

ரெண்டு: மெயில், வாட்ஸ்அப், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் ரெண்டு கட்டப் பாதுகாப்பு. பாஸ்வேர்டோட போன்ல வர்ற கோடும் கேக்கற மாதிரி.

மூணு: வாரம் ஒரு தடவை பேக்கப். அதை எடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வேற இடத்துல வைங்க. மாட்டியே வெச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடுவான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அது திறக்குதான்னு பாருங்க.

22/
நாலு: அப்டேட்டை நிறுத்தாதீங்க. ராத்திரி கடை மூடும்போது போட்டுட்டுப் போங்க.

அஞ்சு: கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் எனிடெஸ்க் போட்டு உள்ள வந்தா, வேலை முடியற வரைக்கும் பக்கத்துல உக்காருங்க. முடிஞ்சதும் எடுத்துடுங்க.

ஆறு: தேவையில்லாததை வாங்காதீங்க. ரத்தத்துல சுகர் பாக்கறதுக்கு ஆதார் ஜெராக்ஸ் எதுக்கு? சட்டம் கேக்கற இடத்துல மட்டும் வாங்குங்க. வெச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சா அழிங்க. பேப்பரைக் கிழிச்சு அழிங்க. எடைக்குப் போடாதீங்க. ஒரு தடவை டீக்கடையில போண்டா வெச்சுக் குடுத்த பேப்பரைப் பிரிச்சா, ஒருத்தரோட ஈசிஜி. பேரு, வயசு எல்லாத்தோடயும்.

23/
ஏழு: சாஃப்ட்வேர்காரர்கிட்ட மூணு கேள்வி. எங்க டேட்டா எங்க இருக்கு? ரிப்போர்ட் லிங்க்ல நம்பர் மாத்தினா அடுத்த ஆளோடது திறக்குமா? நாளைக்கு நான் உங்களை விட்டுப் போனா என் டேட்டாவை அழிப்பீங்களா? பதிலை எழுதி வாங்குங்க.

எட்டு: ஏதாச்சும் நடந்துட்டா மறைக்காதீங்க. பணம் போனா உடனே 1930க்கு போன் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல புகுந்துட்டாங்கன்னா மத்திய அரசோட செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்னு 2022லயே உத்தரவு இருக்கு. காய்ச்சலை மறைச்சா குறையாது, பரவும்.

24/
மில்லுக்காரங்களுக்கும் எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கும் தனியா ஒண்ணு. பார்ட்டியோட மெயில் ஐடியில ஒரே ஒரு எழுத்தை மாத்தி, "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கு, இனி இதுக்கு அனுப்புங்க"ன்னு மெயில் வரும். பில்லு, சரக்கு விவரம் எல்லாம் கரெக்டா இருக்கும். ஏன்னா உங்க மெயிலை மாசக்கணக்கா படிச்சிட்டு இருந்திருப்பான். அக்கவுண்ட் நம்பர் மாறுதுன்னா, பழைய போன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் பணம் அனுப்பணும். மெயில்ல இருக்கற நம்பருக்கு இல்ல.

25/
நம்ம ஊர் வியாபாரிங்களை எனக்குத் தெரியும். எங்கப்பா காலத்துல இருந்து பாக்கறேன். ஞாயித்துக்கிழமை முருங்கைக்காய் வாங்கற வியாபாரி, தான் எழுதி வெச்ச ரேட்டைப் பக்கத்துக் கடைக்காரனுக்குக் காட்டுவாரா? எண்ணெய் மில்லுக்காரர் கணக்கு நோட்டை வாசல்ல வெச்சுட்டுத் தூங்குவாரா? மாட்டாங்க. ரகசியம்னா என்ன, அதை எப்படிக் காக்கணும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தன் ரகசியத்துக்குப் பூட்டு போடத் தெரிஞ்ச ஆளு, அடுத்தவங்க ரகசியத்தை மட்டும் திண்ணையில வெக்கறது அறியாமை இல்ல. அலட்சியம். அதைத்தான் நான் எதிர்க்கறேன்.

26/
படிக்கற மத்தவங்களுக்கு. அடுத்த தடவை ஆதார் ஜெராக்ஸ் கேட்டா "எதுக்குங்க?"ன்னு கேளுங்க. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னா, யார் போன்ல இருந்து அனுப்பறாங்கன்னு கேளுங்க. லிங்க் வந்தா பாஸ்வேர்டு கேக்குதான்னு பாருங்க. கேக்கலைன்னா ஓனர்கிட்ட சொல்லுங்க. சண்டை போட வேண்டாம். பத்து பேர் கேட்டா பதினொண்ணாவது ஆள் வர்றதுக்குள்ள மாத்திடுவாங்க.

27/
அந்தப் பொண்ணு வைத்தியத்தை முழுசா முடிச்சுட்டான்னு ரெக்கார்டுல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சந்தோசம். ஆனா எங்க ஆஸ்பத்திரிக்கு அவ திரும்பி வரவே இல்ல. அவளைப் பொறுத்தவரைக்கும் இன்னைக்கும் நான்தான் சொன்னேன்.

டாக்டர்கிட்ட ஜனங்க உண்மையைச் சொல்றது, அது அந்த ரூமை விட்டு வெளிய போகாதுங்கற நம்பிக்கையில. அந்த நம்பிக்கை போச்சுன்னா எவ்வளவு மாத்திரை கையில இருந்தும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

லேப்கார அண்ணா, படிச்சுட்டு இருப்பீங்கன்னு தெரியும். உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டீங்களே. இதுதாங்க இருந்துச்சு.

முடிஞ்சா உங்க ஊர் லேப், கிளினிக், கடைக்காரங்களுக்கு அனுப்புங்க.